கண்ணாடியில் கிடைத்த வதிவிடம்

தவநேசனைப் பிடித்து நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காக அதிகாரிகள் வந்த காலையில் அவன் ஜன்னல் கண்ணாடிக்குள் போயிருந்தான். மேசைக்குக் கீழே அவனுடைய சப்பாத்துகள் கழற்றியபடி கிடந்தன, மேசைமேல் அவன் பாதி குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணீரில் இன்னும் ஆவி பறந்தது, கூட்டுகிற தும்புக்கட்டை சுவரோடு சாத்தியிருந்தது, அவன் மட்டும் நிறக்கண்ணாடிப் படத்தில், நீண்ட மேசையின் கடைசி ஆளாக, தன்னுடைய நீலக் கம்பளிச் சட்டையோடு, ஒரு கையை மேசையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

அது வட இங்கிலாந்தில் ஒரு பழைய ஆலை நகரம். அந்த நகரத்தின் நடுவில், பேருந்துகள் திரும்பும் முக்கில், விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டிய அந்த பப் நின்றது. அதற்கு ‘தி மெரி ரீப்பர்ஸ்’ என்று பெயர். அங்கே இருக்கிற எங்கள் தமிழ் ஆட்கள் அதை அரிவுவெட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் மூலை அறையின் பெரிய ஜன்னலில், கதிர் அறுத்துக் களைத்த ஆட்கள் மரத்தடி மேசையைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கிற காட்சி இருந்தது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, கூரை ஒழுகி, உள்ளே புறாக்கள் குடும்பம் நடத்தி, இடித்துவிடலாம் என்று நகரசபை முடிவெடுக்கப் போன நேரத்தில் டொரீன் என்ற விதவை அதை எடுத்துப் பழையபடியே செய்வித்தாள். பழையபடி என்றால் ஒரு ஆணியும் மாறாமல் பழையபடி. கருஞ்சிவப்பு மரத்தில் வளைந்து ஓடும் நீளமான கவுன்ரரின் மெழுகு படிந்த மினுக்கமும், கால் வைக்கிற பித்தளைக் கம்பியின் மஞ்சள் வெளிச்சமும், போத்தல் பச்சையில் சுவரெல்லாம் பதித்த ஓடுகளும், பூவும் கொடியும் புடைத்துத் தெரிகிற சிவப்பு முகடும், கதவடியில் சின்னச் சின்னக் கற்களால் எழுதியிருந்த வரவேற்பும், கணப்பில் எரியும் கரியின் வாசமும் சேர்ந்து, வெளியே மழையில் நடந்துபோகிற மனுசனை யாரோ தெரிந்தவர் கையைப் பிடித்து உள்ளே இழுப்பதுபோல இழுத்தன. உள்ளே வந்தவர்கள் கோட்டைக் கழற்றினார்கள், பெருமூச்சு விட்டார்கள், வீட்டில் என்ன பிரச்சினை என்பதை மறந்தார்கள். அந்த இடத்தின் வசீகரம் அதுதான் என்று பத்திரிகைகளும் எழுதின.

ஒரு குறை மட்டும் இருந்தது. உலக யுத்தத்தில் அந்தத் தெருவில் குண்டு விழுந்தபோது ஜன்னலில் இருந்த அரிவுவெட்டுக்காரரில் ஒருவர் உடைந்து போனார். அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல ஒரு படமும் மிஞ்சவில்லை. தெரியாததைக் கற்பனையில் செய்து வைக்கக்கூடாது என்பது பழைய கட்டடங்களைத் திருத்துகிறவர்களின் சட்டம். ஆகவே மேசையின் கடைசியில், ஆள் அளவுக்கு, வெறும் தெளிந்த கண்ணாடியைப் போட்டு விட்டார்கள். அதற்குள்ளால் தெருவும் மழையும் தெரிந்தன.

தவநேசன் அங்கே காலையில் துப்புரவு வேலை செய்தான். இலங்கையில், வன்னியில் அவன் வயல் செய்தவன். அங்கே நடந்த கடைசி யுத்தத்தில் அவனும் மனைவி விமலேஸ்வரியும் இடம் இடமாக ஓடி, கடற்கரை மணலில் பதுங்கி, அந்த மணலில் தங்கள் ஒரே மகன் ஆரூரனைப் புதைத்துவிட்டு, அதற்குப் பிறகு முகாம், விசாரணை, கடல், காடு எல்லாம் தாண்டி இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளையின் ஒரு படமும் அவர்களிடம் இல்லை. உடுப்புப் பெட்டியோடு எல்லாம் எரிந்துவிட்டது. பிள்ளையைத் தெரிந்தவர்கள் என்று உலகத்தில் மிஞ்சியிருந்ததும் இவர்கள் இருவர்தான், ஏனென்றால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் அதே மணலில் முடிந்துபோனது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து வந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது, ஆரூரனைப் பற்றி ஆளுக்கொரு விசயம் சொல்ல வேண்டும்.

“அவன் பப்பாப்பழத்துக்கு உப்புப் போட்டுத்தான் தின்னுவான்” என்பாள் விமலா.

“மாட்டுக்குப் பயமில்லை, கோழிக்குத்தான் பயம்” என்பான் தவநேசன். “சேவல் வந்தால் என்ர சாரத்துக்குப் பின்னால நிப்பான்.”

அவ்வளவுதான். பிறகு சோற்றைப் பிசைவார்கள். அழுவதில்லை. ஊரில் மற்றவர்கள் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பதுபோல அவர்கள் இதைச் செய்தார்கள்.

அவர்களுடைய அகதி வழக்கை நிராகரித்தார்கள், மேன்முறையீட்டையும் நிராகரித்தார்கள், அடுத்ததையும் நிராகரித்தார்கள். குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போன ஆட்கள் அப்படியே திரும்பி வராமல் போனார்கள். தவநேசனின் முகம் வற்றிக்கொண்டு வந்தது. பப்பைத் துடைத்து முடித்த பிறகு மூலை அறையில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் மட்டும் அவன் தோள்கள் இறங்கும். வெயில் அடிக்கிற காலைகளில் அரிவுவெட்டுக்காரரின் மஞ்சளும் பச்சையும் அவனுடைய உள்ளங்கையில் விழும். “விமலா, உதுக்குள்ள இருக்கேக்க எனக்கு ஒண்டும் நினைவு வாறதில்லை” என்று அவன் ஒருநாள் சொன்னான். அவள் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டாள்.

அன்று காலை டொரீன் ஆள் விட்டு அனுப்ப, விமலா மழைக்கோட்டோடு வந்து அறைக்குள் நின்று ஜன்னலைப் பார்த்தாள். தவநேசனின் கண்கள் அவள் பக்கம் திரும்பின.

“காலைச் சாப்பாடு சாப்பிட்டவரோ?” என்று விமலா கேட்டாள்.

“ரெண்டு துண்டு பாண் குடுத்தேன், லவ்” என்றாள் டொரீன். அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதிகாரிகள் இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் கையில் இருந்த படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, ஆள் இவர்தான் என்று உறுதி செய்தார். மற்றவர் கண்ணாடியில் தட்டி, வெளியே வரும்படி மரியாதையாகச் சொன்னார். தவநேசன் வரவில்லை. அப்படியானால் கண்ணாடியோடு கழற்றலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டபோது, டொரீன் மரபுரிமைக் கட்டடங்களைப் பார்க்கும் பெம்பர்ட்டன் என்பவரை வரவழைத்தாள். ஒல்லியான அந்த மனிதர் ஏணியில் ஏறி, உருப்பெருக்கியால் ஈயக் கம்பிகளைப் பார்த்தார், கண்ணாடியின் குமிழிகளைப் பார்த்தார், விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“இது பிறகு சேர்த்த கண்ணாடி இல்லை. ஈயமும் பழசு, நிறமும் பழசு. இந்த ஆள் ஆரம்பத்திலிருந்தே இங்கே இருந்தவர்” என்றார். “பாதுகாக்கப்பட்ட ஜன்னல். இதிலிருந்து ஒரு விரலைக்கூட எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.”

அதிகாரிகள் சட்டத்தை மதிக்கிறவர்கள். ஆளைக் கண்டுபிடித்ததாகவும் அகற்ற முடியாதென்றும் தங்கள் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஆட்கள் மத்தியில் செய்தி ஒரே நாளில் பரவியது. ஒருவருக்கு விசா கிடைத்தால் எப்படிக் கதைப்பார்களோ அப்படித்தான் கதைத்தார்கள். “தவநேசனுக்குக் கண்ணாடியில கிடைச்சிட்டுது” என்றார்கள். “இனி ஆரும் அசைக்கேலாது” என்றார்கள். கோயில் தர்மகர்த்தா சபாநாதன் அவனுடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்து, வடையும் மோதகமும் கொண்டு பப்புக்கே வந்தார். வாழ்நாளில் அந்த வகை வாசலை மிதிக்காத மனுசன், கதவடியில் சப்பாத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தடுமாறி, கடைசியில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாகக் குடிக்க வருகிற வெள்ளைக்காரக் கிழவர்கள் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்து, மோதகத்தை பியரோடு தின்று, நல்லாயிருக்கிறது என்றார்கள்.

“பிள்ளை, நீ குடுத்து வைச்சனி” என்று சபாநாதன் விமலாவிடம் சொன்னார். “எத்தனை குடும்பம் தெருவில நிக்குது. உன்ர மனுசன் நடு நகரத்தில, வெயில் படுற இடத்தில இருக்கிறான்.”

“அண்ணை, அவர் வீட்டை வரமாட்டாரே” என்றாள் விமலா.

சபாநாதன் வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். வடை ஆறுகிறது என்றார்.

பிறகு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். நிராகரிக்கப்பட்டவர்கள், நிராகரிக்கப்படப் போகிறவர்கள், தங்கள் பெடியங்களை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து ஒளித்து வைத்திருப்பவர்கள், எங்கள் ஆட்கள், பிறகு எரித்திரியாக்காரர், குர்தியர், ஆப்கானியர் என்று ஒவ்வொரு நாட்டின் ஆட்களும் காலையிலேயே வந்து மூலை அறையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரில் ஒரு தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். டொரீன் ஒருவரையும் எழுப்பவில்லை. அவர்கள் தோள்களும் இறங்கின, முகங்களும் தெளிந்தன, பப்பின் வசீகரம் அவர்களுக்கும் குறை வைக்கவில்லை. ஆனால் ஜன்னலில் வேறு வெறும் கண்ணாடி இல்லை. ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அது நிரம்பிவிட்டது. மூடுகிற நேரம் வர, அவர்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மழைக்குள் போனார்கள்.

அவர்களில் ஜெயசீலன் என்ற இளந்தாரி பொறுமை இழந்து, ஒருநாள் பியர்க் குவளையை எறிந்து, சிவப்புத் தாடி வைத்த அரிவுவெட்டுக்காரரை உடைத்தான். உடைத்த இடத்துக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை, திட்டவுமில்லை. அந்த ஓட்டையால் குளிர்காற்று உள்ளே வந்து எல்லோருடைய முகத்திலும் அடித்தது. சிவப்புத் தாடிக்காரருக்கு நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. அவரை அச்சொட்டாகத் திரும்பச் செய்து வைத்தார்கள். ஜெயசீலனை அதிகாரிகள் அந்தக் கதிரையிலிருந்தே கொண்டுபோனார்கள். அவன் என்ன ஆனான் என்று பிறகு ஒரு தகவலும் இல்லை.

விமலா புருசனின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டாள். காலையில் ஓடுகளைத் துடைத்து, பித்தளையை மினுக்கி, கடைசியாக மூலை அறைக்கு வந்து, மெல்லிய துணியால் அவனைத் துடைப்பாள். முதலில் நெற்றி, பிறகு கன்னம், பிறகு கை. அவனுடைய கண்கள் அவளைப் பின்தொடரும். பேச்சு வெளியே வராவிட்டாலும் உதடு அசையும். அவள் ஒரு பெட்டியில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்து தின்றபடி, இரண்டு பேருடைய முறையையும் தானே சொல்லுவாள். “ஆரூரன் நான் சீப்பால தலை இழுக்கேக்க கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிப்பான். இது என்ர. உங்கட, அவன் உழவு மிசினில ஏறி இருந்துகொண்டு இறங்க மாட்டன் எண்டு நிண்டது.” தவநேசனின் உதடு ஆமாம் என்பதுபோல அசையும். கண்ணாடியில் காதை வைத்தால் குளிர் மட்டும்தான். வெயில் அடித்தால் அவனுடைய நீலம் அவள் மடியில் வந்து விழும். அவள் அந்த நீலத்துக்குள் கையை வைத்துக்கொண்டிருப்பாள்.

பனிக்காலம் போய் மரங்கள் துளிர்த்தபோது அந்த நீலம் மாறத் தொடங்கியதை அவள் கண்டாள். முதலில் அது அழுக்கு என்று நினைத்து அழுத்தித் துடைத்தாள். அழுக்கில்லை. கம்பளிச் சட்டை மெல்ல மெல்லக் கபில நிறமாகி, பித்தளைப் பொத்தான் வைத்த பழங்காலத்து அங்கியாக ஆனது. கன்னத்தில் கிருதா இறங்கியது. முகம் வெளுத்தது. வெறுமனே ஊன்றியிருந்த கையில் ஒரு குவளை வந்தது. குடியென்றால் என்னவென்று தெரியாத மனுசன். பெம்பர்ட்டன் வந்து பார்த்து, இப்போதுதான் படம் முழுமையாக இருக்கிறது என்று மகிழ்ந்தார். நகரத்து ஆட்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

கோடையில் ஒருநாள் அவள் துணியோடு வந்தபோது, அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவன் எதிரே இருந்த சிவப்புத் தாடிக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பல்லெல்லாம் தெரிய, கண் சுருங்க, வயிறு குலுங்கிச் சிரிக்கிற மனுசனின் சிரிப்பு. அந்த மணலுக்குப் பிறகு அவள் அவனுடைய சிரிப்பைக் கண்டதில்லை. அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்டப் போனாள்.

“இஞ்சாருங்கோ” என்றாள். “அங்க என்ன பகிடி?”

அவன் திரும்பவில்லை.

“ஆரூரன்” என்றாள். “எங்கட ஆரூரன். பப்பாப்பழம். உப்பு.”

அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. வெயில் அவனுக்குள்ளால் வந்து அவளுடைய கழுத்திலும் கையிலும் கபில நிறமாக விழுந்தது. அந்தக் காலைக்குப் பிறகும் அவள் தினமும் வந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். முன்பு ஒன்றைச் சொன்னால் மற்றவர் இன்னொன்றால் அதை நீட்டுவார், தவறாகச் சொன்னால் திருத்துவார். இப்போது அவள் சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றது. சரியா பிழையா என்று கேட்க ஆளில்லாமல், பிள்ளையின் முகம் அவளுக்குள் நாளுக்கு நாள் தண்ணீரில் ஊறியதுபோல ஆகிக்கொண்டு வந்தது.

அவளுடைய வழக்கோ தவநேசனின் வழக்கோடு கட்டியிருந்தது. அவன் இல்லையென்றால் அவளுக்கு வழக்கு இல்லை. அவன் செத்திருந்தால் அவள் விதவை, அதற்கு ஒரு வழி இருக்கலாம். அவன் இந்த நாட்டில் குடியிருக்கிறான் என்று சட்டம் ஒத்துக்கொண்டால் அவள் அவனுடைய மனைவி, அதற்கும் ஒரு வழி இருக்கலாம். அவளுடைய சட்டத்தரணி நல்ல மனுசி. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “உங்களுடைய கணவர் கட்டடத்தின் ஒரு பகுதி. கட்டடத்துக்கு மனைவி இருக்க முடியாது என்கிறார்கள்.”

“விளங்குது” என்றாள் விமலா.

அவளைக் கொண்டுபோவதற்கு நாள் குறித்தார்கள். ஒளிந்துகொள்ளச் சொல்லிச் சபாநாதன் தன்னுடைய கடையின் மேல்மாடியைக் காட்டினார். அவள் வேண்டாம் என்றாள். அந்தக் காலையில் அவள் வழக்கம்போல பப்புக்கு வந்து, ஓடுகளைத் துடைத்து, பித்தளையை மினுக்கி, மூலை அறைக்கு வந்தாள். டொரீன் கதவை உள்ளே பூட்டிவிட்டு, கணப்படியில் கரி உடைக்கிற சுத்தியலைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். டொரீனுடைய கண்கள் சிவந்திருந்தன. அந்த ஜன்னலைப் பழையபடி ஆக்குவதற்காக அவள் தன் வாழ்க்கையில் மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் கொடுத்தவள்.

“உடைத்துவிடு, லவ். வெறிகாரன் ஒருவன் உடைத்தான் என்று சொல்லுவேன்” என்றாள். “ஒருவேளை வெளியே வருவான்.”

விமலா சுத்தியலைத் தூக்கிப் பார்த்தாள். வெளியே வந்தால் அவன் வெறுங்காலோடு இந்தத் தரையில் நிற்பான். முதலில் குளிர் தெரியும். பிறகு அவளைத் தெரியும். பிறகு மணல் ஞாபகம் வரும், மணலைத் தோண்டிய கை ஞாபகம் வரும், அந்தச் சிரிப்பு அவனுடைய முகத்திலிருந்து இறங்கிப் போவதை அவள் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வாசலில் வண்டி நிற்கும், இருவரையும் ஏற்றும், எந்த நாட்டிலிருந்து ஓடிவந்தார்களோ அங்கேயே கொண்டுபோய் இறக்கும். அவளுக்கு அவன் வேண்டும். இந்த உலகத்தில் வேறு ஒன்றும் அவளுக்கு வேண்டாம். அவள் சுத்தியலைப் பிடித்தபடி நின்றாள், ஒருமுறை ஓங்கினாள், அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

“இருக்கட்டும்” என்றாள். சுத்தியலை மேசையில் வைத்தாள். “ஒரு ஆளாவது இருக்கட்டும்.”

டொரீன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

வண்டியில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். வயதானவள், முரட்டுத்தனம் இல்லாதவள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். ஒரு மகன் என்றாள் விமலா. அது நல்லது, அவன் உன்னைப் பார்த்துக்கொள்வான் என்றாள் அந்தப் பெண். நகரம் முடிந்து பெருந்தெரு வந்தது. இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல்கள் வெறுமையாகக் கிடந்தன.

விமலா கண்ணை மூடிக்கொண்டு தன்னிடம் மிஞ்சியிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கோழிக்குப் பயம் இருந்தது. மூடிய கண்கள் இருந்தன. உழவு மிசின் இருந்தது. கடைசி நாள் காலையில் அவர்கள் கடல்நீரேரியைத் தாண்ட ஓடியபோது ஆரூரன் தகப்பனுடைய தோளில் இருந்தான். அவள் பின்னால் மூட்டையோடு ஓடினாள். செல் குண்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னே பிள்ளை குனிந்து தகப்பனுடைய காதில் ஏதோ சொன்னான். அதை அவள் கேட்கவில்லை, தவநேசன்தான் கேட்டான். ஒவ்வொரு வருசமும் அந்த நாள் வரும்போது அவன் அதை அவளுக்குச் சொல்லுவான். சின்ன விசயம், இரண்டு மூன்று சொல்தான், கடலைப் பற்றியோ பசியைப் பற்றியோ. அவன் எப்படியும் சொல்லுவான் என்பதால் அவள் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இப்போது தேடினாள். கடல் வந்தது, பிள்ளையின் கழுத்து வந்தது, உதடு தகப்பனுடைய காதருகே போவது வந்தது. சொல் வரவில்லை.

“வண்டியைத் திருப்ப ஏலுமோ?” என்று அவள் கேட்டாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு விளங்கும் பாசையில் திரும்பக் கேட்டாள். “என்ர மனுசனிட்ட ஒண்டு கேக்க வேணும். ஒரு நிமிசம் போதும்.”

“முடியாது, லவ்” என்றாள் அந்தப் பெண், உண்மையாகவே வருத்தத்தோடு.

திருப்பினாலும் அங்கே அதைச் சொல்ல ஆளில்லை என்பது விமலாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவள் விமானநிலையம் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள், சத்தம் போடாமல், மரியாதையாக, திரும்பத் திரும்ப.